மேசையின் மூன்றாவது ஆள்

போன மாதம் என் பழைய வேலையிடத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்குப் பயிற்சி நடக்கிறதாம். நான் கணினித் திரையில் வந்து அரை மணி நேரம் பேச வேண்டுமாம். பேச்சோடு பேச்சாக இன்னொரு செய்தியும் சொன்னாள். இனிமேல் சந்திப்புகளில் கையால் குறிப்பெடுக்கத் தேவையில்லை. மேசையில் ஒரு சிறிய கருவியை வைத்தால் போதும், அதுவே கேட்டு எழுதி, யார் எதைச் சொன்னார் என்று பிரித்தும் தந்துவிடும். தமிழும் அதற்கு விளங்குமா என்று கேட்டேன். விளங்கும் என்றுதான் சொல்கிறார்கள் என்றாள்.

பேசினேன். கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள், கைப்பையில் இரண்டு பேனா வையுங்கள், பிள்ளை ஓடினால் பின்னால் ஓடக்கூடிய சப்பாத்துப் போடுங்கள் என்றெல்லாம் சொன்னேன். கடைசியில் ஒரு இளைஞர், உங்கள் வேலைக்காலத்தில் எழுதக் கஷ்டப்பட்ட அறிக்கை எது என்று கேட்டார். பல இருந்தன, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்துத் தப்பிவிட்டேன். பல இல்லை. ஒன்றுதான். சம்பந்தப்பட்ட பிள்ளையின் அனுமதியோடு, பெயர்களை மாற்றி, அதை இங்கே எழுதுகிறேன்.

என் வேலையை ஊரில் இருக்கும் என் தங்கைக்கு இன்றுவரை சரியாக விளங்கப்படுத்த முடியவில்லை. தாயும் தகப்பனும் பிரிந்து வழக்கு நடக்கும்போது, பிள்ளையைத் தனியாகப் பார்க்க ஒருவருக்கு அனுமதி இல்லாமல் போகலாம். அப்போது இன்னொருவர் கூட இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லும். அந்த இன்னொருவர் நான். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுடைய பிள்ளைகள் தகப்பன்மாரோடும் தாய்மாரோடும் இருப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், கேட்டதை எழுதினேன், சம்பளம் வாங்கினேன்.

மன்னாரிலிருந்து இங்கே வந்து, விசா அலுவலுக்காகக் குரோய்டனில் வரிசையில் நின்று, ஒரு பாடசாலையில் மதியச் சாப்பாடு பரிமாறி, பிறகு மூன்று வாரப் பயிற்சியோடு இந்த வேலைக்குள் வந்தவள் நான். தமிழ் தெரியும் என்பதற்காகத்தான் எடுத்தார்கள். பிள்ளையோடு பெற்றோர் பேசும் மொழி கூட இருப்பவருக்கு விளங்காவிட்டால் சந்திப்பு நடக்க முடியாது.

எங்கள் மேலாளர் டெல்மா. ஜமேக்காவில் பிறந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். நாங்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை மேசையில் விரித்து, கோடு போடும் ஒரு மர அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வாசிப்பார். அடிமட்டம் ஓரிடத்தில் நின்றால் அங்கே கேள்வி வரும். என் முதல் அறிக்கையில் மூன்றாவது வரியிலேயே நின்றது. ‘தாயைக் கண்டதும் பிள்ளை சந்தோசப்பட்டாள்’ என்று எழுதியிருந்தேன்.

“இது நீ பார்த்ததா, நினைத்ததா?” என்று கேட்டார்.

பார்த்தது என்றேன். சந்தோசம் எங்கே இருந்தது, என்ன நிறம் என்று கேட்டார். பிள்ளை என்ன செய்தாள் என்று மட்டும் சொல் என்றார். ஓடினாள், ஒரு சப்பாத்துக் கழன்று விழுந்தது, அதை எடுக்கத் திரும்பாமல் ஓடினாள் என்றேன். அதை எழுது என்று தாளைத் திருப்பித் தந்தார்.

அதுதான் என் படிப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. ஒருமுறை ஒரு இளம் தாய் தன் மூன்று மாதக் குழந்தையைப் பார்க்க வந்தாள். குழந்தை ஒரு மணி நேரமும் தூங்கிவிட்டது. அவள் எழுப்பவில்லை. ‘குழந்தை தூங்கியது. தாய் பார்த்துக்கொண்டிருந்தார்’ என்று இரண்டு வசனம் எழுதிக் கொடுத்தேன். டெல்மா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு இந்த வேலை தெரியும் என்று நினைத்தேன்.

ரமணனின் வழக்கு வந்தபோது நான் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்திருந்தேன். அவருக்கு முப்பத்தெட்டு வயது. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு அறையில் இருந்துகொண்டு, தமிழ்க் கடைகளுக்கு வான் வண்டியில் மரக்கறி கொண்டுபோய் இறக்குபவர். மகள் அபிக்கு எட்டு வயது. தாய் சுகந்தி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு செவன் கிங்ஸில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கணவர் தன்னை அடித்தார் என்பது அவருடைய முறைப்பாடு. அடிக்கவில்லை, அவர் பொய் சொல்கிறார் என்பது ரமணனின் பதில். யார் சொல்வது உண்மை என்று தீர்மானிக்கும் விசாரணைக்கு இன்னும் பல மாதம் இருந்தது. அதுவரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம், என் முன்னிலையில் தகப்பனும் மகளும் சந்திக்கலாம்.

முதல் ஆறு சந்திப்பும் எங்கள் நிலையத்தின் அறையில் நடந்தன. பொம்மைகள், குட்டி நாற்காலிகள், கழுவிக் கழுவி மங்கிப்போன பாய். ரமணன் சோறும் கறியும் சமைத்துக்கொண்டு வருவார். அபி கரண்டியைத் தேடுவாள். கையால் சாப்பிடு பிள்ளை என்று அவர் சொன்னால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். வெள்ளைக்காரப் பாடசாலைப் பிள்ளைக்கு, அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு ஒருத்தி மூலையில் இருந்து எழுதும்போது கையால் பிசைந்து சாப்பிட வெட்கம். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்பாள். அவர் பெட்டியை மூடுவார்.

ஆறும் நல்லபடி முடிந்ததால், இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளும் சம்மதித்து, சந்திப்பை வெளியிடத்துக்கு மாற்றினார்கள். இடத்தை ரமணன் தெரிந்தெடுத்தார். குரோய்டனில் ட்ராம் வளைந்து திரும்பும் மூலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் பார். நாடு முழுக்க கிளைகள் உள்ள சாப்பாட்டுக் கடை. சுவரெல்லாம் பெரிய திரைகள், எந்நேரமும் பந்தாட்டம். ஞாயிறு பகலில் குடும்பங்கள் பிள்ளைகளோடு வருவார்கள். அங்கே பொரித்த கோழிச் செட்டைதான், கோழியின் இறக்கைத் துண்டுதான், பேர்போனது. டெல்மா முகத்தைச் சுளித்தார். மதுபானம் விற்கும் இடம், சத்தம் கூடிய இடம். நான் போய்ப் பார்த்து, திரைகளுக்குத் தள்ளியிருந்த ஒரு மேசையைக் குறித்து, வரைபடம் கீறிக் கொடுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை வைத்தார். பக்கத்து மேசையில் இருந்தால் கேட்காது. அதே மேசையில் இரு, மூன்றாவது ஆளாக.

ஏன் இந்த இடம் என்று முதல்நாள் ரமணனிடம் கேட்டேன்.

“இங்கை வெள்ளைக்காரரும் கையாலைதான் சாப்பிடுகினம், அக்கா,” என்றார்.

பன்னிரண்டு செட்டை கொண்ட ஒரு கூடை எடுப்பார்கள். உறைப்பின் அளவைப் பட்டியலில் நெருப்புப் படங்களால் காட்டியிருக்கும். ஆறு துண்டு அபிக்கு, தேன் பூசியது, நெருப்பே இல்லாதது. ஆறு துண்டு அவருக்கு, நாலு நெருப்பு. எலும்பு போட ஒரு தகர வாளி. கை துடைக்க ஈரக் கடதாசிப் பொட்டலங்கள். நான் என் காசில் ஒரு தோடம்பழச் சாறு வாங்கி வைத்துக்கொள்வேன். பெற்றோரிடமிருந்து எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு முறையும் அவர் கூடையை என் பக்கம் தள்ளி ஒரு துண்டு எடுங்கோ அக்கா என்பார். ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்பேன். அதையும் எழுதுவேன்.

செட்டையில் இரண்டு வகைத் துண்டு உண்டு. ஒற்றை எலும்பு உள்ளது சுகம், கடித்து இழுத்தால் வந்துவிடும். இரட்டை எலும்பு உள்ளதில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். அபி அந்தத் துண்டுகளை ஒதுக்கி வைப்பதை ரமணன் கண்டார். ஒன்றை எடுத்து, நுனியில் இரண்டு எலும்பும் சேரும் இடத்தை முறித்தார். மெல்லிய எலும்பை மெதுவாகத் திருகி உருவினார். பிறகு தடித்ததை உருவினார். இறைச்சி முழுதாகக் கையில் நின்றது. அபி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சந்திப்பில் அவளே ஒன்றை அப்படி உருவி எடுத்தாள். எடுத்ததைச் சாப்பிடாமல் தகப்பனின் தட்டில் வைத்தாள். முழங்கைவரை தேன் வழிந்தது. அவர் அதைச் சாப்பிடக் கொஞ்ச நேரம் எடுத்தது. ‘12.50. பிள்ளை தான் எலும்பு நீக்கிய துண்டைத் தந்தைக்குக் கொடுத்தாள். தந்தை சாப்பிட்டார்’ என்று எழுதினேன்.

நாலு மாதம் அப்படிப் போனது. திரையில் ஓடும் பந்தாட்டத்தில் அபி சிவப்புச் சட்டை அணியின் பக்கம், அவர் நீலச் சட்டை அணியின் பக்கம். வீட்டுப்பாடம், பல் விழுந்தது, வகுப்பில் ஒருத்தி சண்டை பிடித்தது எல்லாம் கதைப்பார்கள். தாயைப் பற்றிக் கதைக்கக் கூடாது, வழக்கைப் பற்றிக் கதைக்கக் கூடாது, வருங்காலத்தைப் பற்றி வாக்குக் கொடுக்கக் கூடாது. அவர் ஒருநாளும் மீறவில்லை. போகும்போது அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுவார். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய், அங்கே காத்து நிற்கும் சித்தியிடம் ஒப்படைப்பேன். உள்ளபடி சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இதை அறிக்கைகளில் எழுத இடம் இல்லை, எழுதவும் இல்லை.

அந்த ஞாயிறு ஏதோ பெரிய போட்டி. கடை நிறைய ஆட்கள். நாங்கள் வழமையான மேசையில் இருந்தோம். ரமணனும் அபியும் எதிரெதிரே, நான் பக்கவாட்டில். அபி அன்று அவ்வளவாகப் பேசவில்லை. மூன்று துண்டு சாப்பிட்டிருப்பாள். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் ஆங்கிலத்தில் கேட்டாள். அப்பா, அம்மா என்ற இரண்டு சொல் மட்டும் தமிழ்.

“அப்பா, அம்மா பொய் சொல்கிறாரா?”

என்ன பிள்ளை என்றார் அவர். சித்தியும் அம்மாவும் கதைத்தது தனக்குக் கேட்டது, அம்மா பொய் சொல்கிறா என்று நீங்கள் கோர்ட்டில் சொன்னீர்களாம், அம்மா அழுதா என்றாள்.

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். ‘இதைப் பற்றி இங்கே கதைக்க வேண்டாம், வேறு கதை கதைப்போம்’ என்று குறுக்கிட வேண்டும். அதைப் பல வருடமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நாக்கு நுனியில் இருக்கும் வசனம். அன்று சொல்லவில்லை. அந்த மனிதர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்படித் தெரிய விரும்பியது அந்தப் பிள்ளைக்காகவா எனக்காகவா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு அன்னியக் குடும்பத்தின் கதவு திறக்கும்போது தலையை அப்பால் திருப்பிக்கொள்வோமே, அப்படி நான் முகத்தைத் திருப்பிச் சுவரிலிருந்த திரையைப் பார்த்தேன். யாரோ ஒரு விளையாட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தார்.

ரமணன் தமிழில் பதில் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தேன்.

“இல்லைப் பிள்ளை. அம்மா பொய் சொல்லேல்லை. அப்பாதான் பொய் சொன்னனான். நான் அம்மாவுக்கு அடிச்சனான்.”

திரையில் விழுந்தவர் எழுந்து நொண்டி நடந்தார். சனம் கைதட்டியது. நான் மேசைக்குத் திரும்பியபோது அவர் மேசையில் கிடந்த ஈரக் கடதாசியை மடித்துக்கொண்டிருந்தார். அபி துண்டைக் கூடையில் வைத்துவிட்டு, கை கழுவ வேண்டும் என்றாள்.

கழுவும் இடத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், மீண்டும் போட்டுக் கழுவினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “அன்ரி, நீங்கள் இதை எழுதுவீங்களோ?” என்று தமிழில் கேட்டாள்.

“ஓம் அம்மா. நான் எல்லாத்தையும் எழுதுறனான்,” என்றேன்.

சரி என்றாள். கையைக் காய வைக்கும் இயந்திரத்துக்குக் கீழே வெகுநேரம் நின்றாள்.

மீதி நேரம் அவர்கள் அவ்வளவாகக் கதைக்கவில்லை. பிரியும்போது அவர் வழமைபோல விரல்களைத் துடைக்கப் போனார். நான் கழுவிட்டன் அப்பா என்றாள். அவள் மேலங்கியைப் போட்டுக்கொள்ளும்போது அவர் என் பக்கம் திரும்பினார். எழுதாதீர்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அவளுக்குப் பொய் சொல்ல எனக்கு ஏலாமல் போச்சுது அக்கா,” என்றார்.

அறிக்கையை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுத வேண்டும். அன்று பின்னேரமே சமையலறை மேசையில் இருந்தேன். பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றேகால் வரை நடந்ததை எழுதப் பத்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு பேனா நின்றுவிட்டது. அடிச்சனான் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? ஒருமுறை கை ஓங்கியவனும் அதைத்தான் சொல்வான், வருடக்கணக்காக அடித்தவனும் அதைத்தான் சொல்வான். நான் எந்த ஆங்கிலச் சொல்லைப் போடுகிறேனோ அதற்கு ஏற்றபடிதான் நீதிபதிக்கு அந்த மனிதர் தெரிவார். கடைசியில் தமிழ்ச் சொல்லைத் தமிழிலேயே எழுதி, அதற்கு எத்தனை தடவை என்ற கணக்குக் கிடையாது என்று கீழே குறிப்பும் எழுதினேன்.

அவருடைய அந்த வசனங்களை எழுதாமல் விடலாம் என்றும் நினைத்தேன். விசாரணை கிட்ட வந்துவிட்டது. அறிக்கைகள் நன்றாகத்தான் இருந்தன. அவர் சொன்னது தமிழில், சத்தம் நிறைந்த கடையில். என்னைத் தவிர அதைக் கேட்டவள் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்திதான். எழுதினால், தகப்பனாக அவர் செய்த ஒரே நேர்மையான காரியத்துக்கு நானே தண்டனை வாங்கிக் கொடுத்தவள் ஆவேன். எழுதாவிட்டால், செவன் கிங்ஸில் அழும் பெண் பொய்க்காரியாகவே இருப்பாள், அதற்கு நான் உடந்தை. எழுதினேன். நான் குறுக்கிடவில்லை என்பதையும் எழுதினேன்.

மறுநாள் காலை டெல்மாவின் அடிமட்டம் அந்த இடத்தில் நின்றது. ஏன் குறுக்கிடவில்லை என்று கேட்டார். அவர் உண்மையைச் சொன்னார், அதனால் என்றேன்.

“அது உண்மை என்று நீ பார்த்தாயா, நினைத்தாயா?”

அடிமட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, அந்தக் கடையில் நேற்று நல்ல சத்தம் இருந்திருக்கும் என்றார். ரமணன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டதா என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டாம் தரம் கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்தார். அவர் எனக்கு ஒரு வழியைத் திறந்து விடுகிறாரா, அல்லது நாளைக்குச் சட்டத்தரணி கேட்கப்போவதைத்தான் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெளிவாகக் கேட்டது என்றேன். கையெழுத்துப் போட்டார். இது சந்திப்புகளை நிறுத்திவிடும், பெரியவர்களுக்கு அது சில மாதம், பிள்ளைக்கு அது நீண்ட காலம் என்றார். அடுத்த சந்திப்புக்கான மேசையை நானே கடைக்குத் தொலைபேசி எடுத்து ரத்துச் செய்தேன்.

விசாரணை நாளில் சாட்சி சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். தேவைப்படவில்லை. ரமணன் தன் சட்டத்தரணி மூலம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒருமுறை இல்லை, பல முறை. சுகந்தி கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டி வரவில்லை. வெளியே நடைபாதையில் அவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். ஒரு வருடமாகத் தன்னை ஒருவரும் நம்பவில்லை, சொந்தத் தாயே பொறுத்துப் போ என்றுதான் சொன்னார் என்று அழுதார். அந்தக் கண்ணீரை நான் மறக்கவில்லை. நான் எழுதியது பிழை என்று நினைக்கும் நாட்களில் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ரமணன் கொஞ்சம் தள்ளி, கதவோரமாக நின்றார். சுகந்தி போன பிறகு வந்தார். என் அறிக்கையை அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

“நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீங்கள், அக்கா. ஒரு சொல்லும் கூட இல்லை,” என்றார்.

தலையாட்டினேன்.

அடிக்கும் ஆண்களுக்கான வகுப்பு ஒன்றுக்கு அவரை அனுப்பினார்கள். அதற்கு ஒரு வரிசை, வரிசைக்குப் பிறகு பல மாத வகுப்பு. ஒரு நாளும் தவறாமல் போய் முடித்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எல்லாம் முடிந்து, இனி சந்திக்கலாமா என்ற கட்டம் வந்தபோது ஒரு அதிகாரி அபியிடம் போய் விருப்பம் கேட்டார். அப்போது அவளுக்குப் பத்து வயதாகியிருந்தது. அப்பாவில் கோபம் இல்லை, ஆனால் போக விருப்பம் இல்லை என்றாளாம். வருடத்துக்கு இரண்டு வாழ்த்து அட்டை அனுப்ப அவருக்கு அனுமதி கிடைத்தது. கோப்பு மூடப்பட்டது. எனக்கு வேறு பிள்ளைகள், வேறு அறைகள் வந்தன. டெல்மா ஓய்வு பெற்றார், பிறகு நானும் ஓய்வு பெற்றேன்.

இந்த வருடம் பெப்ரவரியில் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் கோப்பைக் கேட்டு வாங்கிய ஒரு பெண், அறிக்கைகளை எழுதியவரைச் சந்திக்க விரும்புகிறாள், எனக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். ஒரு புதன்கிழமை காலை குரோய்டன் நூலகத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் சந்தித்தோம். பத்தொன்பது வயது. தகப்பனின் நெற்றி. கண்டவுடன் அன்ரி என்றாள், பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

தகப்பன் மார்கழியில் இறந்துவிட்டார் என்றாள். சிறுநீரகம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார். தன் பரீட்சை முடியட்டும், பிறகு போவோம் என்று இருந்தாளாம். பரீட்சை முடிய முன்னமே அவர் போய்விட்டார். எரியூட்டும் இடத்தில் கடைசி வரிசையில் நின்றதாகச் சொன்னாள். இதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் சொன்னாள், அழாமல், பாடம் ஒப்பிப்பது போல.

பையிலிருந்து என் அறிக்கைகளை எடுத்தாள். பெயர்களை எல்லாம் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். அவளுடைய தாயின் பெயரும் கறுப்பு, என் பெயரும் கறுப்பு. ஆட்களைக் குறிக்கும் சொற்களில் ‘தந்தை’, ‘பிள்ளை’ என்ற இரண்டுதான் தப்பியிருந்தன. எந்தெந்த நாளில் எத்தனை துண்டு சாப்பிட்டாள் என்பது உட்பட எல்லாவற்றையும் வாசித்திருந்தாள். என்ன சாப்பிட்டோம், என்ன கதைத்தோம் என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது, தனக்குப் பாதி ஞாபகம் இல்லை என்றாள். பிறகு அந்தக் கடைசி ஞாயிறின் பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“அன்ரி, இதில ஒண்டு மட்டும் இல்லை,” என்றாள். இப்போது தமிழில். “அதைச் சொல்லேக்கை அப்பா என்ரை முகத்தைப் பார்த்தவரோ? அழுதவரோ? எப்பிடி இருந்தவர்?”

பார்த்தார் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். கண் கலங்கியிருந்தது, உன்னைத்தான் பார்த்துச் சொன்னார் என்று சொன்னால் யாருக்கு என்ன நட்டம்? அந்தப் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாள். வாழ்நாள் முழுக்க வைத்திருப்பாள். வசனம் வாய்வரை வந்தது. நான் பார்க்காத ஒன்றை ஒருநாளும் எழுதியதில்லை. இது எழுத்தும் இல்லை, வேலையும் முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு எதிரில் இருந்தவள், தகப்பன் தனக்குப் பொய் சொல்ல மறுத்ததற்காகப் பத்து வருடம் அவரை இழந்தவள்.

“நான் பார்க்கேல்லை, பிள்ளை,” என்றேன். “அந்த நேரம் நான் ரி.வி.யைப் பார்த்துக்கொண்டு இருந்தனான்.”

அவள் அந்தத் தாளைத் திரும்ப எடுத்து, மற்றத் தாள்களோடு ஓரம் சேர்த்து அடுக்கினாள்.

“நானும் பார்க்கேல்லை, அன்ரி,” என்றாள். “நான் கையில இருந்த எலும்பைப் பார்த்துக்கொண்டு இருந்தனான்.”